பழுது எதுவும் காணப்படவில்லை

எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்குவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டை எப்படிக் குளிரவைப்பது என்பதே எங்கள் கவலை. மார்கழி, தை மாத மழைக்குக்கூட ஒரு போர்வையும் ஒரு கோப்பை இஞ்சித் தேநீரும் போதும். 'வீட்டு வெப்பமாக்கல் தொகுதி' என்பது எங்களைப் பொறுத்தவரை பௌதிகவியல் வினாத்தாளில் இலக்கமிட்டு வரும் ஒரு சொற்றொடர். விடை எழுதியவுடன் அதை மறந்துவிடலாம்.

சென்ற தை மாதம் அந்தச் சொற்றொடர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் ராத்தா கல்யாணம் முடித்து மச்சானோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருக்கிறார். அவருக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. அவர்களுடைய வாடகை வீட்டில் வெப்பமாக்கல் ஒரு நாள் வேலை செய்தது, மறுநாள் செய்யவில்லை. பிறகு இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. அதன் பின் ஒரு வெள்ளிக்கிழமை முற்றாக நின்றுவிட்டது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 3 பாகை. குழந்தை தூங்கும் அறையில் 14 பாகை. கைக்குழந்தை உறங்கும் அறை 16 முதல் 20 பாகை வரை இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதார சேவையின் அறிவுரை.

அக்கரைப்பற்றில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, வாப்பா ராத்தாவுக்காகக் கட்டிக்கொடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டின் ஓடும் சுவரும் நாள் முழுக்க வெயில் குடித்துவிட்டு இரவிலும் சூட்டை விடும். அதன் சொந்தக்காரியோ வேறொருவருடைய வீட்டில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தார். உம்மாவுக்கு இதை நினைத்து நினைத்தே தூக்கம் போனது. "ரெண்டு கம்பளி சேர்த்துப் போர்த்துங்க மகள்" என்றார். கைக்குழந்தைக்குக் கனத்த போர்வை போடக் கூடாது, முகத்தை மூடிவிட்டால் ஆபத்து என்று அங்குள்ள தாதி சொல்லியிருப்பதாக ராத்தா பதில் சொன்னார். போர்வையும் உதவாத ஒரு குளிர் இருக்கிறது என்பதை உம்மா அன்றுதான் அறிந்தார்.

பழுது பற்றிய அபிப்பிராயங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பொயிலர் பழசாகிவிட்டது என்றார் மச்சான். குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்திருக்கும் என்றார் மச்சானுடைய நண்பர். பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது, ஓதிப் பாருங்கள் என்றார் உம்மம்மா. வீட்டை வாடகைக்கு விட்ட முகவர் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டி வரலாம், ஆள் வருவது செவ்வாய்க்கிழமை. வெள்ளி இரவுக்கும் செவ்வாய்க்கும் இடையில் நான்கு இரவுகள் இருந்தன. இந்த நால்வரில் ஒருவர்கூட அந்தத் தொகுதியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பழுது பார்த்த கதையைச் சொல்வதற்கு முன், அந்தத் தொகுதி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ராத்தாவின் சமையலறைச் சுவரில் ஒரு பொயிலர் இருக்கிறது. அது கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குகிறது. ஒரு பம்பி அந்தச் சுடுநீரைக் குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகைகளுக்கு அனுப்புகிறது. பலகை சூடாகி அறையைச் சூடாக்க, ஆறிய தண்ணீர் திரும்பி வருகிறது. எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது பொயிலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் தேர்மோஸ்டாட்டின் வேலை.

தேர்மோஸ்டாட் எங்களுக்கும் புதியதல்ல. இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது ஒரு தேர்மோஸ்டாட். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு கீற்று உண்டு. ஒன்று மற்றதைவிட அதிகமாக விரிவதால் கீற்று வளைந்து மின்சுற்றைத் திறக்கிறது. இந்த ஈருலோகக் கீற்றைக் கொண்ட தேர்மோஸ்டாட்டுக்கு ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ யூர் என்ற இரசாயனவியலாளர் 1830இல் காப்புரிமை பெற்றார். தானாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பொறி என்ற எண்ணம் அதைவிட மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள் மூவர் தமது 'கிதாபுல் ஹியல்' என்ற நூலில், எண்ணெய் குறையக் குறையத் தானே நிரப்பிக்கொள்ளும் விளக்கை விவரித்திருக்கிறார்கள்.

அறையில் பொருத்தும் மின் தேர்மோஸ்டாட் பிறந்த இடம் ஒரு வகுப்பறை என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வொரன் ஜோன்சன் என்றொரு ஆசிரியர் இருந்தார். அவருடைய பாடசாலையில் குளிர்காலத்தில் ஊழியர் ஒருவர் வகுப்பு வகுப்பாக வந்து சூடு போதுமா என்று பார்த்துவிட்டுக் கீழறைக்குப் போய் உலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாடம் தடைப்பட்டது. எனவே, அறை குளிர்ந்தால் கீழறையில் மணியடிக்கும் ஒரு கருவியை ஜோன்சன் அமைத்தார். 1883இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் கருவி சூட்டை உண்டாக்கவில்லை. 'இங்கே குளிர்கிறது' என்று சரியான இடத்துக்குச் செய்தி சொன்னது, அவ்வளவுதான். இன்றைய தேர்மோஸ்டாட்டும் அதையே செய்கிறது.

ராத்தாவின் வீட்டில் இருப்பது கம்பியில்லாத வகை. அதில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று, இரண்டு பெட்டரிகளில் இயங்கும் கையடக்கத் தேர்மோஸ்டாட். விரும்பிய அறையில் வைக்கலாம். அது அறையின் வெப்பநிலையை அளந்து, நாம் கேட்ட வெப்பநிலையோடு ஒப்பிட்டு, 'எரி' அல்லது 'நிறுத்து' என்று ரேடியோ அலையில் சொல்கிறது. மற்றது, பொயிலருக்குப் பக்கத்தில் சுவரில் உள்ள வாங்கிப் பெட்டி. அது செய்தியைக் கேட்டு, உள்ளே ஓர் ஆளியை மூடிப் பொயிலரை எரியவிடுகிறது. ஆக மூன்று கண்ணிகள்: சொல்பவர், கேட்பவர், செய்பவர். இடையில் காற்றில் போகும் ஒரு செய்தி. வீடு குளிர்கிறது என்றால் இவற்றில் ஏதோ ஓரிடத்தில்தான் சங்கிலி அறுந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அதிகாலை நாலே முக்காலுக்கு நான் படிக்க எழும்பியிருந்தபோது ராத்தா வட்ஸ்அப்பில் இருந்தார். அங்கே இன்னும் வெள்ளி இரவு, பதினொன்றேகால். மச்சான் களஞ்சியத்தில் இரவு வேலைக்குப் போய்விட்டார். ராத்தாவின் முகம் வீங்கியிருந்தது. நான் அந்தத் தொகுதியைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும், "எனக்கு இதெல்லாம் விளங்காது புள்ள. செவ்வாய்க்கிழமை ஆள் வரட்டும்" என்றார்.

இந்த வசனம் என்னைச் சுட்டது. ஏனென்றால் எனக்கு ஓமின் விதியைச் சொல்லித் தந்தவரே ராத்தாதான். அவர் கணிதப் பிரிவில் படித்தவர். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்ததால் பொறியியல் பீடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை பரீட்சை எழுதுவதற்குள் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. அவருடைய நீல உறை போட்ட பௌதிகவியல் கொப்பிகளில்தான் நான் இன்றும் படிக்கிறேன். அந்தக் கொப்பிகளை எழுதியவருக்கு விளங்காது என்றால், அதை வாசிக்கும் எனக்கு என்ன விளங்கப் போகிறது?

"உங்கட கொப்பியில ஒரு வரி எழுதியிருக்கீங்க ராத்தா. நீளமான சுற்றில் பழுது என்றால் நடுவில் சோதி என்று. நடு எது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்கிப் பெட்டி" என்றார்.

சுற்றில் பத்துத் துண்டுகள் இருந்தால், ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவது நேரத்தை விழுங்கும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால், வரும் பதில் பாதியைக் கழித்துவிடும். மீதிப் பாதியின் நடுவில் அடுத்த கேள்வி. காசு செலவில்லாத, ஆபத்தில்லாத கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆபத்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பொயிலரின் மூடியைத் திறக்கவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். பிரித்தானியாவில் கேஸ் உபகரணங்களில் கை வைப்பதற்கு, அதற்கெனப் பதிவு பெற்ற பொறியியலாளருக்கே சட்டம் அனுமதி அளிக்கிறது. கேஸ் கசியலாம், சரியாக எரியாத கேஸ் காபனோரொட்சைட்டை வெளிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வாங்கிப் பெட்டிக்குள்ளும் 230 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. எனவே எதையும் கழற்றாமல், வெளியே உள்ள பொத்தான்களையும் கண்ணையும் மட்டும் பயன்படுத்துவது என்று பேசிக்கொண்டோம்.

முதல் கேள்வி, குழாயில் சுடுதண்ணீர் வருகிறதா? ராத்தா சமையலறைக் குழாயைத் திறந்தார். அரை நிமிடத்தில் ஆவி பறந்தது. அவர்களுடைய பொயிலர் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்துத் தண்ணீர் சூடாக்கும் வகை. குழாய்ச் சுடுநீருக்குத் தேர்மோஸ்டாட்டின் அனுமதி தேவையில்லை. ஆகவே கேஸ் இருக்கிறது, நெருப்பு பற்றுகிறது, பொயிலர் உயிரோடு இருக்கிறது. பொயிலரின் கீழே உள்ள அமுக்கமானியையும் பார்க்கச் சொன்னேன். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நின்றது. குளிர்ந்த நிலையில் அது 1 முதல் 1.5 பார் வரை இருப்பது சரியான அளவு. தண்ணீரும் ஒழுகிப் போகவில்லை.

இரண்டாவது கேள்வி, நடுக்கேள்வி. வாங்கிப் பெட்டியில், தேர்மோஸ்டாட்டைக் கேட்காமலே பொயிலரை எரியவிடும் ஒரு பொத்தான் இருக்கிறது. ராத்தா அதை அழுத்தினார். சிவப்பு விளக்கு பச்சையானது. பொயிலர் ஒரு மூச்சு விட்டது போலச் சத்தமிட்டு எரிந்தது. கால் மணி நேரத்தில் படுக்கையறை ரேடியேட்டர் கை வைக்க முடியாமல் கொதித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! புள்ள, கொதிக்குது!" என்று ராத்தா போனைத் தூக்கி ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார், எனக்கு அது தெரியும் என்பது போல. அடுத்த அறையிலிருந்து உம்மா தொழுகை உடுப்போடு ஓடி வந்தார். அன்றிரவு பிள்ளை குளிரில்லாமல் உறங்க இந்த ஒரு பொத்தான் போதுமாயிருந்தது. அறை 19 பாகைக்கு வந்ததும் அதே பொத்தானால் நிறுத்திவிட்டு, குளிர்ந்தால் மீண்டும் அழுத்தினால் சரி. தேர்மோஸ்டாட்டின் வேலையை அந்த இரவு ராத்தாவே செய்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பாதி கழிந்த கணக்கை யார் விடுவார்கள்? செய்பவரும் கேட்பவரின் ஆளியும் நல்ல நிலை. பழைய பொயிலர், உறைந்த குழாய் என்ற இரண்டு அபிப்பிராயங்களும் இரண்டு சோதனைகளில் விழுந்துவிட்டன. மீதி இருப்பது சொல்பவரும் நடுவில் உள்ள காற்றும்.

தேர்மோஸ்டாட்டின் திரையில் '14' என்று இருந்தது. ராத்தா 20 கேட்டிருந்தார். சிறிய நெருப்புச் சுடர் அடையாளமும் தெரிந்தது. அதாவது அது அளக்கிறது, ஒப்பிடுகிறது, 'எரி' என்று சொல்லியும் விட்டது. வாங்கிப் பெட்டிக்கு மட்டும் அது கேட்கவில்லை. தேர்மோஸ்டாட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வாங்கிப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, 'நிறுத்து', 'எரி' என்று மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் விளக்கு நிறம் மாறியது. பக்கத்தில் நின்று சொன்னால் கேட்கிறது. படுக்கையறையிலிருந்து சொன்னால் கேட்கவில்லை. ஒருவரையொருவர் அடையாளம் மறந்துவிட்டார்கள் என்ற சந்தேகமும் இதோடு தீர்ந்தது. குரல் மெலிந்துவிட்டதா, அல்லது வழியில் ஏதாவது மறிக்கிறதா என்பதே மிச்சக் கேள்வி.

"பெட்டரி நல்லாத்தானே இருக்கு, திரை தெளிவாத் தெரியுதே" என்றார் ராத்தா. சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அகத்தடை!" என்றார்.

உயர்தர பௌதிகவியல் படிக்கும் தோழியருக்கு இது தெரிந்த கணக்கு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் ஒரு தடை ஒளிந்திருக்கிறது. மின்கலம் பழசாகும்போது அந்தத் தடை கூடுகிறது, குளிரிலும் கூடுகிறது. மின்னோட்டம் பாயும்போது அந்தத் தடையில் ஒரு பங்கு அழுத்தம் உள்ளேயே இழக்கப்படும். ஒரு கணக்குக்காக, பழைய மின்கலம் ஒன்றின் மின்னியக்கவிசை 1.3 வோல்ட், அகத்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். திரைக்குத் தேவையான மின்னோட்டம் மிகச் சிறியது. 0.00002 அம்பியர் என்றால் உள்ளே இழக்கப்படுவது 0.0002 வோல்ட்தான். திரை பளிச்சென்று தெரியும். ஆனால் ரேடியோச் செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில் 0.03 அம்பியர் வேண்டும் என்றால், இழப்பு 0.3 வோல்ட். இரண்டு மின்கலங்களும் சேர்ந்து தர வேண்டிய 2.6 வோல்ட், 2 வோல்ட்டாக விழுந்துவிடும். சும்மா இருக்கும்போது நன்றாகத் தெரிகிற பெட்டரி, பேச வேண்டிய கணத்தில் மெலிந்துபோகிறது. ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போனதும் இதனால்தான். சில செய்திகள் போய்ச் சேர்ந்தன, சில சேரவில்லை.

அந்த நேரத்தில் கடைக்குப் போக முடியாது. பிள்ளைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பாட்டுப் பொம்மைக்குள் புதுப் பெட்டரி இருந்தது. அளவும் பொருந்தியது. ராத்தா அதைக் கழற்றித் தேர்மோஸ்டாட்டில் போட்டார். படுக்கையறைத் தட்டில் அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைத்துச் சோதித்தார். வேலை செய்தது. ஆனால் ஐந்து முறை கேட்டதில் நான்கு முறைதான் பதில் வந்தது.

எனக்கு அது போதும் போலிருந்தது. விடியப் போகிறது, எனக்கு வகுப்பு இருக்கிறது, ராத்தாவுக்கும் தூக்கம். ராத்தாவோ விடவில்லை. சற்று முன் 'எனக்கு விளங்காது' என்று சொன்னவர், "அந்த ஒண்டு ஏன் போகல்ல?" என்று கேட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். நான் போன் திரையில் பார்ப்பது ஒரு துண்டு அறையைத்தான். அவர் நிற்பது முழு அறைக்குள். பிறகு போனைத் திருப்பி எனக்குக் காட்டினார். தட்டுக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் ஓர் அலுமாரி, அதன் கதவு முழுக்கக் கண்ணாடி. பிள்ளையின் உடுப்புகளுக்காக ஐப்பசியில் வாங்கியது.

முகம் பார்க்கும் கண்ணாடி வெறும் கண்ணாடியல்ல. அதன் பின்னால் ஓர் உலோகப் பூச்சு இருக்கிறது. ஒளியைத் திருப்புவது போல அது ரேடியோ அலையையும் திருப்பிவிடும். ஐரோப்பாவில் இப்படியான கருவிகள் பெரும்பாலும் 868 மெகாஹேர்ட்ஸ் அளவில் பேசுகின்றன. ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் வரும். ஆளுயரக் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு பெரியது. எனவே அதற்குப் பின்னால் ரேடியோவுக்கு ஒரு நிழல் விழும். தேர்மோஸ்டாட் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தது. ராத்தா அதைத் தூக்கி அலுமாரிக்கு இந்தப் பக்கம் உள்ள சிறு மேசையில் வைத்தார். பத்து முறை கேட்டார். பத்து முறையும் விளக்கு பதில் சொன்னது.

அன்று பகல், அவருக்கு விடிந்த பிறகு, ராத்தா தாமாகவே இன்னொரு சோதனை செய்து ஒரு அட்டவணையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நான்கு கட்டங்கள். புதுப் பெட்டரி, புது இடம்: பத்துக்குப் பத்து. புதுப் பெட்டரி, பழைய இடம்: பத்துக்கு எட்டு. பழைய பெட்டரி, புது இடம்: பத்துக்கு ஒன்பது. பழைய பெட்டரி, பழைய இடம்: பத்துக்கு ஒன்று. கீழே, அந்த நீலக் கொப்பிகளில் உள்ள அதே சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி: 'இரண்டு அரைப் பழுதுகள் சேர்ந்து ஒரு முழுப் பழுது.'

அந்த வரியைப் பல தடவை வாசித்தேன். கண்ணாடி அலுமாரி ஐப்பசியிலேயே வந்துவிட்டது. பெட்டரி புதிதாக இருந்தவரை தேர்மோஸ்டாட் அந்த மறைப்பையும் தாண்டிப் பேசியது. பெட்டரி மெலிந்தாலும், மறைப்பு இல்லாவிட்டால் அது இன்னும் சில வாரம் பேசியிருக்கும். இரண்டும் சேர்ந்த நாளில் வாய் அடைத்துப் போனது. 'குற்றவாளி யார்?' என்று ஒரே ஒரு பெயரைத் தேடுபவருக்கு இப்படியான பழுது அகப்படாது. வீட்டிலே, வகுப்பிலே நாம் காணும் பல பிரச்சினைகளும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் இருந்தால் சமாளித்துவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை, சொன்னபடி ஆள் வந்தார். நல்ல மனிதராம். பொயிலரைத் திறந்து பார்த்தார், அமுக்கத்தைப் பார்த்தார், தேர்மோஸ்டாட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தன. தொகுதியை மாற்றத் தேவையில்லை என்றார். ராத்தா நடந்ததைச் சொல்லப் போனபோது பிள்ளை அழுததால் பாதியில் நின்றுவிட்டது. அவர் தன்னுடைய தாளில் ஒரு வரி எழுதி, மச்சானிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். அந்த வரியின் தமிழ் இதுதான்: 'பழுது எதுவும் காணப்படவில்லை.'

அவர் பொய் எழுதவில்லை. அவர் வந்த நேரத்தில் பழுது இருக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வரி மனதில் முள்ளாய்த் தைத்தது. பழுது இருந்தது. நான்கு மாதப் பிள்ளை அதில் குளிர்ந்தது. ஒருவர் அதைக் கண்டுபிடித்தார், காரணத்தை அளந்தார், அட்டவணை போட்டு எழுதினார், ஒரு சதமும் செலவில்லாமல் திருத்தினார். அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. முகவரின் கோப்பில் அந்த வீடு, ஆளை வீணாக அழைத்த வீடாக இருக்கும்.

பிறகு யோசித்தபோது, எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை என்று எண்ணத் தோன்றியது. தையல் மெஷின் நூல் அறுந்துகொண்டே இருந்தால் உம்மா ஊசியைத் திருப்பிப் போட்டு, நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, அடிக்கட்டையைத் துடைத்துப் பார்க்கிறார். எது காரணம் என்று தெரியும்வரை ஒன்றை மாற்றி ஒரு முழம் தைத்துப் பார்ப்பார், பிறகே அடுத்ததை மாற்றுவார். உம்மம்மா, மாவு புளிக்காத நாளில் அரிசியா, உழுந்தா, தண்ணீரா, குளிரா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் காரணம் சொல்வார். பழுதைத் தேடும் ஒழுங்கு அவர்களுக்கு எப்போதோ தெரியும். அதற்குப் பௌதிகவியல் என்று யாரும் பெயர் வைக்காததால் அவர்களும் 'எங்களுக்கு இதெல்லாம் விளங்காது' என்கிறார்கள். பழுது திருத்தப்பட்டுவிட்டால் பழுதே இருக்கவில்லை என்றாகிவிடுகிறது. திருத்தியவரும் அதோடு மறைந்துபோகிறார்.

ராத்தாவிடம் அந்த ஆளுடைய தாளைப் பற்றி நான் கோபமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "அவர் எழுதினா என்ன, எழுதாட்டி என்ன. எனக்குத் தெரியும்தானே" என்றார். நான்கு இரவுகளுக்கு முன் சொன்ன வசனத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அவர் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன். இப்போது அவர் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணுக்கும், கீழ்த் தெருவில் உள்ள சோமாலியப் பெண்ணுக்கும் பொத்தான் எது, அமுக்கமானி எது, எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெட்டரியை ஒவ்வொரு புரட்டாசியிலும், குளிர் தொடங்கும் முன், மாற்றுவதென்று நாட்காட்டியில் குறித்துவிட்டார். பாட்டுப் பொம்மைக்கும் வேறு பெட்டரி வாங்கியாகிவிட்டது.

நான் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறேன். வினாத்தாளில் அகத்தடை வந்தால் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த அதிகாலையில் நான் கற்றது புள்ளிக்குரியது அல்ல. பெரிய பெயர் கொண்ட காரணத்தை முதலில் சொல்லாமல், சிறிய கேள்வியை முதலில் கேட்பது. பதில் வரும்வரை பொறுப்பது. நான்கு முறை சரியாக வந்தாலும் வராத அந்த ஒன்றைப் பற்றி யோசிப்பது. இந்தக் கடைசிப் பாடத்தை எனக்குத் தந்தவர் ராத்தா.

அந்தத் தாள் முகவரின் கோப்பில் இருக்கட்டும். எங்கள் கல்லூரி மலர் நூலகத்தில் பல வருடம் இருக்கும். எனவே இதில் எழுதி வைக்கிறேன்: தை மாதத்தில், லெஸ்டர் நகரில் ஒரு வாடகை வீட்டில், கம்பியில்லாத தேர்மோஸ்டாட் ஒன்றில் பழுது இருந்தது. அது காணப்பட்டது. கண்டவர் என் ராத்தா.